ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம்

"பாலம் அறுந்துவிட்டது. கீழே நாற்பது அடிப் பள்ளம். மழை வலுக்கிறது. மட்டக்குதிரைகள் இரண்டும் மிரளுகின்றன. என்ன செய்யப் போகிறீர்கள்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அறையில் தனியாக உட்கார்ந்து தொண்டை கிழிய நான் இப்படிக் கூவிக்கொண்டிருந்தபோது, வாசலில் எங்கள் பால்காரர் நின்றிருக்கிறார். கொடைக்கானலில் பாலம், பள்ளம், மழை இந்த மூன்றும் விளையாட்டுக்குச் சொல்லும் விஷயங்கள் அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைப் புரட்டிவிட்டுப் போனதை அவர் மறந்துவிடவில்லை. பால் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, "எந்தப் பாலம்மா?" என்று பதறிப் போய் என் மனைவியைக் கேட்டாராம்.

"அது ஒண்ணுமில்லே அண்ணே. அவரு விளையாடிக்கிட்டிருக்காரு."

பால்காரர் சற்று யோசித்துவிட்டு, "ஐயாவுக்கு இப்போ வயசு என்ன ஆகுது?" என்று கேட்டிருக்கிறார்.

வயது நாற்பத்தாறு. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, அதன் பிறகு கதை எழுதியே காலம் தள்ளுகிறவன். இந்த வயதில் ஞாயிறு தவறாமல் ஏழரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடல் கடந்த சிநேகிதர்களோடு இல்லாத குதிரைகளை மேய்க்கிறேன் என்றால், பால்காரர் மட்டுமல்ல, வாசகர்களும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பீர்கள். ஆகவே விளையாட்டு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் கட்டம் கிடையாது, காய் கிடையாது, ஜயிப்பது தோற்பது கிடையாது. நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை நடத்துபவர். அவர், "நீங்கள் ஒரு காட்டின் விளிம்பில் நிற்கிறீர்கள்" என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி வைத்தியச்சி, இன்னொருவன் திருடன். காட்டில் நுழைவதா, சுற்றிப் போவதா என்று அவர்கள் சொல்வார்கள். காரியம் பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வரும்போது பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி கதை திரும்பும். அவ்வளவுதான். தெருக்கூத்தையும் தாயக்கட்டையையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கலக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஓர் ஊர். நம் கொடைக்கானலைப் போல அதுவும் ஏரியைச் சுற்றி எழுந்த உல்லாச ஊர்தான். அங்கே காரி கைகாக்ஸ் என்று ஒருவர். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வேலை போன பிறகு வீட்டில் செருப்புத் தைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடியவர். அவரும், மினசோட்டாவில் சரித்திரம் படித்த டேவ் ஆர்னெசன் என்பவரும் சேர்ந்து 1974-இல் இந்த விளையாட்டை மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். பாதாளங்களும் வேதாளங்களும் என்று நான் சொல்லிக்கொள்வேன். முதல் பதிப்பு 1000 பிரதிதான். என் முதல் நாவலும் அவ்வளவே அச்சாயிற்று என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு ஒற்றுமை இல்லை. அவர்களுடையது விற்றுத் தீர்ந்தது.

பகடை மட்டும் கொஞ்சம் விசித்திரம். நாம் அறிந்த ஆறு முகப் பகடையோடு, நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று பல தினுசு. முக்கியமான காரியங்களை எல்லாம் தீர்மானிப்பது இருபது முகப் பகடை. பகடை நமக்குப் புதிதல்ல. கீழடியில் சுடுமண் பகடைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் வைகைக் கரையில் யாரோ ஒருவன் அதை உருட்டிவிட்டு, 'இன்னொரு தடவை போடுகிறேன்' என்று கெஞ்சியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டிய இதை, தேசத்துக்கு ஒருவராக இருந்து ஆடுவதற்கும் வழி வந்துவிட்டது. கல்லூரியில் ஒரே அறையில் தங்கி ஆடிய மூன்று அமெரிக்கப் பையன்கள், படிப்பு முடிந்து ஊருக்கு ஒருவராகப் பிரிந்த பிறகும் ஆட்டத்தை விட மனமில்லாமல், அதற்கென்று ஓர் இணையத் தளத்தைக் கட்டினார்கள். 2012-இல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மேஜையும் பகடையும் திரையிலே தெரியும். ஒருவர் உருட்டினால் எல்லோரும் பார்க்கலாம். பிறகு கொரோனா வந்து உலகம் முழுவதையும் வீட்டுக்குள் தள்ளியபோது, எங்களைப் போன்றவர்களுக்கும் அந்த மேஜையில் இடம் கிடைத்தது.

நாங்கள் நாலு பேர். இந்த மலையிலேயே ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சியிலும் அதற்கு முன் பெஞ்சியிலுமாகப் படித்தவர்கள். ஒருவன் கோயம்புத்தூரில் பாங்கி அதிகாரி. ஒருத்தி சிங்கப்பூரில் மருத்துவ மனையில் வேலை பார்க்கிறாள். இன்னொருவன் டொரண்டோவில் இருக்கிறான்; சின்ன வயதில் எனக்கு அடுத்த தெரு. 2006-இல் குறிஞ்சி பூத்தபோது கூடினோம். பன்னிரண்டு வருஷம் கழித்து 2018-இல் பூத்தபோது மறுபடி கூடினோம். இடையில் கூடவில்லை. சிநேகிதத்தையும் பூவின் கணக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில், ஊரடங்கு போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும், சிங்கப்பூர்க்காரி போன் செய்தாள். "என் பையன் ஒரு விளையாட்டு ஆடறான். நமக்கும் சரிப்படும்போல இருக்கு. நீதான் கதை எழுதறவனாச்சே, நீயே நடத்து" என்றாள்.

எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. சிங்கப்பூரில் பத்து மணி. அவள் சமையலை ஏற்றிவிட்டு வருவாள். டொரண்டோவில் இன்னும் சனிக்கிழமை இரவு. கோடையில் பத்து மணி, குளிர்காலத்தில் ஒன்பது. நான் விடியற்காலைக் காப்பியோடு உட்காருவேன். அவன் குழந்தைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான்.

வேதாளமும் கோட்டையும் எங்களுக்குப் பிடிபடவில்லை. இரண்டு வாரம் ஆடிப் பார்த்தோம். கோயம்புத்தூரான், "டிராகன் வந்தா எனக்குப் பயம் வரலேடா, சிரிப்புத்தான் வருது. நம்ம ஊர்லே காட்டெருமை வந்தா வர்ற பயம் வேறே" என்றான். அது நியாயமாகப் பட்டது. ஆகவே கதையை எங்கள் மலைக்கே கொண்டுவந்துவிட்டேன். காலம் ஏறக்குறைய 1900. மோட்டார் சாலை இன்னும் வரவில்லை. அது முதல் உலகப் போர்க் காலத்துச் சங்கதி. வெள்ளைக்காரர்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து கூலியாட்களின் தோளில் நாற்காலியில் ஏறி வருவார்கள். எங்கள் ஆட்கள் அந்த ராஜபாட்டையில் போகிறவர்கள் அல்ல. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், உப்பும் கருவாடும் மேலே ஏற்றி, பூண்டும் மலைவாழையும் கீழே இறக்குகிற ஒரு சின்னக் கூட்டம். டொரண்டோக்காரன் மட்டக்குதிரைக்காரன். சிங்கப்பூர்க்காரி மூலிகைக் கிழவி. கோயம்புத்தூரான் தபால் சுமக்கும் ஓட்டக்காரன். ஓடுவதைத் தவிர எல்லாம் செய்வான்.

வெள்ளகவி இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஊருக்குள் யாரும் காலில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. எங்கள் ஆட்டத்திலும் அது சட்டம். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றுகிறேன் என்று ஒவ்வொருவரும் வாய் திறந்து சொன்னால்தான் உள்ளே விடுவேன். ஒரு நாள் டொரண்டோவில் பனி கொட்டுகிறது. அவன் நிஜமாகவே காலுறையைக் கழற்றிவிட்டு, "தரை சில்லுன்னு இருக்குடா" என்றான்.

கதை நடத்துவது எனக்குக் கைவந்த கலை என்றுதான் நினைத்திருந்தேன். இருபது வருஷமாக அதுதானே தொழில். ஆனால் என் நாவல்களில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. 'அவன் அழுதான்' என்று எழுதினால் அவன் அழுதே ஆக வேண்டும். இங்கே அது நடக்கவில்லை. ஒரு தடவை, ஏரிக்கரைப் பங்களாத் துரை ஒருவரின் வீட்டில் பூட்டிய அறை, அதற்குள் ஒரு மர்மம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து ஜோடித்து வைத்திருந்தேன். இவர்கள் வழியில் பூம்பாறைக்கு விலகிப் போய், பூண்டு விலையைப் பேரம் பேச ஆரம்பித்தார்கள். ஒரு காலை முழுவதும் பேரம். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்பது கோயம்புத்தூரானுக்குத் தெரியும். அதை 1900-இலேயே எதிர்பார்த்து விலையை ஏற்றப் பார்த்தான். மர்ம அறை இன்றுவரை பூட்டியே கிடக்கிறது. எனக்கு இரண்டு நாள் கோபம். அப்புறம், அந்தப் பேரத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பூட்டிய அறையை நினைத்தால் கொட்டாவி வந்தது.

இப்படி ஒரு வருஷம் ஓடிற்று. 2021 மே மாதக் கடைசியில் டொரண்டோக்காரனுடைய தாயார் தவறிப் போனார்கள்.

மூஞ்சிக்கல்லில் தனியாக இருந்தார்கள். கொரோனா இல்லை; வயதும் இருதயமும்தான். இங்கே முழு ஊரடங்கு. இந்தியாவிலிருந்து வரும் விமானங்களைக் கனடா அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அவன் கிளம்பி வந்தால் திரும்பிப் போவது எப்போது என்று தெரியாது. அங்கே சின்னக் குழந்தைகள் இரண்டு. கடைசியில் நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் திரையில் பார்த்தான். இடையிடையே படம் உறைந்து போயிற்று. கொள்ளி வைத்தது அவனுடைய சித்தப்பா மகன்.

ஒரு மாதம் ஆட்டம் இல்லை. பிறகு அவனே, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டான். அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. குதிரைகள் ஏறின, இறங்கின.

ஐப்பசி மாதம். வெளியே அடைமழை, மேகம் ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டத்தில் கூட்டம் வெள்ளகவியில் தங்கியிருக்கிறது. திடீரென்று அவன் சொன்னான்: "குதிரைகளை இங்கேயே விட்டுட்டு என் ஆளு மட்டும் மேலே போறான். வீட்டைப் பார்க்கணும்."

"உன் ஆளு அனாதைன்னில்லே சொன்னே?"

"இல்லே. மூஞ்சிக்கல்லிலே அம்மா இருக்கா. உடம்பு சரியில்லேன்னு தகவல் வந்திருக்கு. இருட்டறதுக்குள்ளே போய்ச் சேரணும்."

மற்ற இருவரும் பேசவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. மழை, செங்குத்தான பாதை, பொழுது சாயும் நேரம். விதிப்படி பகடை போட்டாக வேண்டும். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் போய்ச் சேரலாம் என்றேன். எட்டு என்று சொல்லியிருக்கலாம். போடவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இருபது முகப் பகடை திரையில் உருண்டது. நாலு.

மேஜையில் ஆடுகிறபோது நடத்துபவருக்கு முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு இருக்கும் என்று படித்திருக்கிறேன். தான் உருட்டுவதை அவர் அதற்குப் பின்னால் உருட்டிக்கொண்டு, வேண்டியபடி எண்ணை மாற்றிச் சொல்வதும் உண்டாம். இங்கே உருட்டியது அவன். எண் நாலு பேர் முகத்துக்கு நேராக நின்றது. கோயம்புத்தூரான், "நெட் தகராறுடா, சரியா விழலே. இன்னொரு தடவை போடு" என்றான். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

"வேண்டாம். விழுந்தது விழுந்ததுதான்" என்றான் அவன். "இருட்டினப்புறம் போறேன். வாசல்லே யாரு இருக்கா?"

நான் எதை ஜோடிப்பது? எனக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான். தகரக் கதவு, விறகு அடுக்கு, ஒரு பேரிக்காய் மரம். "பக்கத்துத் தெருக்காரன் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்" என்றேன்.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் நான் அந்த வீட்டில் இருந்தேன். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்று கேட்டார்கள். வர முடியாது என்று அவர்களுக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருந்தது, மறந்துவிட்டார்கள். நான், "கிளம்பிட்டாம்மா. வத்தலக்குண்டு வந்துட்டான்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. அரை மணி கழித்து மறுபடி கேட்டார்கள். "டம்டம் பாறை தாண்டிட்டான்" என்றேன். அப்புறம் ஊத்து. அதற்குப் பிறகு பெருமாள்மலை. ஊர் ஊராக அவனை மலையேற்றிக் கொண்டுவந்தேன். பெருமாள்மலைக்கு அப்புறம் அவர்கள் கேட்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனிடம் எப்படிச் சொல்வது? சாகப் போகிற தாயிடம் உன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன் என்றா? பொய் சொல்லியே பிழைக்கிறவன் நான். ஆனால் அது என் கதையில் உள்ளவர்களிடம்.

"கேட்டாங்க" என்று பக்கத்துத் தெருக்காரனாகச் சொன்னேன். "நீ வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். கும்பக்கரை தாண்டிட்டான்னேன். திரும்பக் கேட்டாங்க. வெள்ளகவி வந்துட்டான்னேன்."

"அப்புறம்?"

"வட்டக்கானல் வரைக்கும் கொண்டு வந்தேன். அதுக்குள்ளே..."

நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்; அறுந்திருக்கவில்லை. பிறகு, குதிரைக்காரன் குரலில் அல்ல, தன் குரலிலேயே கேட்டான்:

"நிஜமா எதுவரைக்கும் சொன்னே?"

"பெருமாள்மலை."

மறுபடியும் மௌனம். அப்புறம், "பெருமாள்மலையிலே நான் டீ குடிக்க நிறுத்துவேன். அம்மாவுக்குத் தெரியும்" என்றான். திரையில் அவன் கட்டம் இருண்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. சிங்கப்பூர்க்காரி என்னிடம், "நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். கோயம்புத்தூரான், "சொல்லியிருக்கவே கூடாது" என்றான். இரண்டும் சரி என்றுதான் எனக்குப் பட்டது. அந்த இரண்டு வாரமும் ஒரு வரி எழுத முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு ஏழரை மணிக்கு அவன் கட்டம் வெளிச்சமாயிற்று. "கூட்டம் இன்னும் வெள்ளகவியிலேதானே இருக்கு? கீழே இறங்கி வந்துட்டேன்" என்றான். குதிரைக்காரனுக்கு மொட்டை அடித்திருக்கிறது என்றும் சொன்னான். குறித்துக்கொண்டேன்.

2023 டிசம்பரில் ஊருக்கு வந்தான். நான் வத்தலக்குண்டுக்குப் போய் அழைத்து வந்தேன். பெருமாள்மலையில் கார் நின்றது, டீ குடித்தோம். அவன் இரண்டு கிளாஸ் குடித்தான். மலை தெரியவில்லை, ஒரே மேகம். சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

அன்று ராத்திரி கோயம்புத்தூரானும் வந்து சேர்ந்தான். சிங்கப்பூர்க்காரிக்கு லீவு கிடைக்கவில்லை. டொரண்டோக்காரன் எனக்காக ஒரு பெட்டி நிஜப் பகடை வாங்கி வந்திருந்தான். கண்ணாடி போலப் பளபளக்கும் இருபது முகப் பகடை; முதல் தடவையாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். "வெள்ளகவி. மழை விட்டிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். குதிரைக்காரன் இருக்க வேண்டிய இடத்தில், தலை நரைத்து, தொப்பை போட்டு, என் சால்வையைப் போர்த்திக்கொண்டு என் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூரான் சிரித்துவிட்டான். கால் மணி நேரம் முயன்று பார்த்தோம், கூச்சமாக இருந்தது. என் மனைவி தோசைக் கல்லை அடுப்பில் போட்டதும் மூன்று பேருக்கும் நிம்மதி. பகடையைப் பெட்டியில் போட்டுவிட்டோம். அந்தப் பத்து நாளும் அதை யாரும் எடுக்கவில்லை.

ஜனவரியில் அவன் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, வெளியே புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. டொரண்டோவில் இரவு ஒன்பது மணி. சிங்கப்பூரில் குக்கர் சத்தம். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டான்:

"குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?"